குரலும் ஓர் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டுவிட்டது. மையவாடிச் சுற்றுச்சுவர் பற்றிய விவாதமும், வழக்கம்போல் சற்று நீண்டே, ஒருவாறு நிறைவுற்றது. நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாகக் 'குரல் செய்தி' என்று அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு, இது மத்ரஸா மாணவர்களின் பேச்சுப் போட்டித் தலைப்போ என்று பெரியவர் ஒருவர் வாசலிலேயே வினவினார். அப்படியன்று. நம் வீடுகளில் 'வாய்ஸ்' என்று சொல்லப்படுகிறதே, கைபேசியில் பேசிப் பதிந்து அனுப்புகிறோமே, அதைப் பற்றித்தான் சில சொற்களைக் கூற விரும்புகிறோம்.

பொதுக்கூட்டத்தில் இதற்கென்ன இடம் என்ற கேள்வி நியாயமானதே. சென்ற ஆண்டு நமது ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு தவறு நிகழ்ந்தது. அதைச் செய்தவர்கள் நிர்வாகத்தினராகிய நாங்களே. அதை உங்கள் முன் ஒப்புக்கொள்ளாமல் அடுத்த ஆண்டுக்குச் செல்வது முறையன்று என்று கருதியதால்தான் இந்த உரை. சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி பெற்ற பின்னரே கூறுகிறோம். பெயரையும் தெருவையும் யாரும் கேட்க வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம்.

கணவர் வெளிநாட்டில், மனைவி ஊரில். மாமியார் வீட்டில் மனத்தாங்கல். இரு தரப்பும் அலுவலகத்திற்கு வந்தன. கணவரின் உறவினர் ஒருவர், "அந்தப் பெண் என்னென்ன பேசினாள் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இருக்கிறது" என்று கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "போடுங்கள், கேட்போம்" என்று நாங்கள் கூறினோம். சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மின்விசிறியைக்கூட நிறுத்தினோம். ஆண்கள் எட்டுப் பேர் அமர்ந்து, ஏறத்தாழ நான்கு நிமிடங்கள், ஒரு பெண் தன் கணவருக்குப் பேசி அனுப்பியதைக் கேட்டோம். மாமியாரைப் பற்றிய கோபச் சொற்கள் அதில் இருந்தது உண்மை. ஆனால் பிரசவத்திற்குப் பின் தன் உடல்நிலை எப்படியிருக்கிறது என்று ஒரு மனைவி கணவரிடம் மட்டுமே கூறக்கூடிய இரண்டு மூன்று செய்திகளும் அதில் இருந்தன. பதிவு முடிந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த அறையில் அந்தச் சகோதரி தம் தாயாருடன் அமர்ந்திருந்தார். தம் குரல் சுவருக்கு அப்பால் ஒலிப்பதை அவரும் முழுமையாகக் கேட்டிருக்கிறார். தாயார் மூலமாக ஒரே ஒரு சொல் சொல்லியனுப்பினார்: "அது அவருக்காகப் பேசியது. உங்களில் யாருக்காகவும் பேசவில்லை."

எங்களிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. அவ்விருவரும் இப்போது சேர்ந்து நல்லபடியாக வாழ்கின்றனர், அல்ஹம்துலில்லாஹ். அதற்கு எங்கள் விசாரணை காரணமன்று என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

அந்தப் பதிவு எப்படி எங்கள் மேசைக்கு வந்தது என்று பின்னர் விசாரித்தோம். கணவர் மனம் நொந்து, ஆறுதல் தேடித் தம் ராத்தாவுக்கு அதை அனுப்பியிருக்கிறார். ராத்தா, குடும்பத்தினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கும் குழுவில் அதைப் பகிர்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு அது யார் யாரிடம் சென்றது என்பதைக் கணவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு விரல் தொடுதல், இன்னொரு விரல் தொடுதல். அவ்வளவே நடந்தது.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல அனுமதி வேண்டுகிறோம். சபுராளிகளின் ஊர்களில், கடல் கடந்திருப்பவருக்குச் செய்தி அனுப்புவது தலைமுறைகளாக நம் பெண்களின் கவலையாக இருந்து வந்திருக்கிறது. அரபுத் தமிழ் எழுத்தறிந்த மூதாட்டிகள் தாமே கடிதம் எழுதினர். மற்றவர்களோ, கடிதம் எழுதப் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையை அழைத்தாக வேண்டும்; பதில் கடிதம் வந்தால் அதை வாசிக்கவும் அதே பிள்ளை வர வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் எதிரே அமர்ந்து எழுதும்போது ஒரு மனைவி தன் கணவருக்கு எதைச் சொல்ல முடியும்? 'இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்' என்பதோடு நின்றுவிடும். மனத்தில் இருந்தது மனத்திலேயே இருந்துவிடும்.

அதன்பின் கேசட் வந்தது. 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு ஒலிநாடாப் பெட்டி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவுக்குச் சென்றவர்கள் வாங்கி வந்த டேப் ரிக்கார்டர்களோடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. ஊருக்கு வருகிறவரிடம் ஓர் உறையில் இட்டுக் கொடுத்தனுப்பிய 'பேசும் கடிதங்கள்' எத்தனை எத்தனை! அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் வாப்பா பேசுவார். மறுபக்கத்தில் உம்மா பேசித் திருப்பி அனுப்புவார். இடையே சேவல் கூவும், பாங்கொலி கேட்கும், புதிதாகப் பிறந்த பிள்ளையைக் கிள்ளி அழவைத்து அந்த அழுகையையும் பதிந்தனுப்பிய குடும்பங்கள் உண்டு. இங்கே முன்வரிசையில் சிரிப்பவர்கள் அந்தப் பிள்ளைகளாகவே இருக்கக்கூடும்.

அந்தக் கேசட்டின் விளிம்பில் சிறு பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. மனம் மாறினால் அவ்விடத்தில் ஒட்டுக் காகிதம் ஒட்டி மீண்டும் பதிந்துகொள்ளலாம். குரலைக் காப்பதும் அழிப்பதும், அதைப் பெற்றவர் கையில், கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளாக இருந்தன. கேசட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினால் பூட்டியதுதான். அதைப் பிரதி எடுக்க இரண்டு கருவிகள் வேண்டும்; அரைமணி நேரப் பேச்சைப் பிரதி எடுக்க அதற்கேற்ற நேரமும் வேண்டும். அந்த நேரத்திற்குள் மனிதனுக்குக் கோபம் தணிந்துவிடும். கருவியின் குறைபாடே ஒரு காவலாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கைபேசிக் குரல் செய்தி 2011-ஆம் ஆண்டு வாக்கில் பரவத் தொடங்கியது. ஹாங்காங்கின் 'டாக்பாக்ஸ்', சீனாவின் 'வீசாட்' ஆகிய செயலிகள் அதற்கு வழிகாட்டின. வாட்ஸ்அப் செயலியில் அது 2013 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. 2022 மார்ச்சில் அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடிக் குரல் செய்திகள் அதன் வழியே அனுப்பப்பட்டு வந்தன. இந்த வளர்ச்சியில் வியப்பில்லை. எழுத்தறியாதவர் பேசலாம், பார்வை மங்கியவர் பேசலாம், தமிழ்த் தட்டச்சுப் பழகாதவர் பேசலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே நேரடியாகப் பேசும் வசதி பல்லாண்டுகள் தடுக்கப்பட்டிருந்த காலத்திலும் குரல் செய்திக்குத் தடையிருக்கவில்லை. இரவுப் பணியில் இருக்கும் மகன் ஓய்வு கிடைக்கும்போது கேட்டுக்கொள்வான் என்று தாய் நள்ளிரவிலும் பேசி அனுப்பலாம். மனிதக் குரலை மிகச் சிறிய கோப்பாகச் சுருக்கும் 'ஓபஸ்' என்னும் முறை 2012-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது; வாட்ஸ்அப் குரல் செய்திகள் அந்த முறையிலேயே பதியப்படுகின்றன. ஆகவே நேரடி அழைப்பு அறுந்து அறுந்து கேட்கும் இடங்களிலும் குரல் செய்தி முழுமையாகச் சென்று சேர்ந்துவிடுகிறது.

எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு, இடையில் எந்தப் பிள்ளையும் இல்லாமல், தம் மகனிடம் தாமே நேராகப் பேசும் உரிமையை முதன்முறையாக முழுமையாகக் கொடுத்தது இந்த வசதிதான். எனவே குரல் செய்தியைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. அது கொடுத்த தனிமையை நாம்தாம் பறிக்கிறோம் என்பதே எங்கள் வருத்தம்.

இனி, அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் தத்தம் குரல்மீது எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று பார்ப்போம். தொடக்கத்தில் மிகக் குறைவாகவே இருந்தது. பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். விரலை எடுத்தால் செய்தி பறந்துவிடும். பேசியதைத் தாமே ஒருமுறை கேட்டுப் பார்த்து அனுப்பும் வசதி 2021-ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. பேச்சை இடையில் நிறுத்தி, யோசித்து, மீண்டும் தொடரும் வசதியை 2022-இல் அறிவித்தனர். கோபத்தில் பேசுகிற நமக்கு இவ்விரண்டும் எவ்வளவு அவசியமானவை! ஆயினும் நம்மில் எத்தனை பேர் அவற்றைப் பயன்படுத்துகிறோம்? நிர்வாகக் குழுவினரிடையே கேட்டுப் பார்த்தோம். அப்படியொரு வசதி இருப்பதே ஒன்பது பேரில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

அனுப்பிய பிறகு திரும்பப் பெறும் வசதி 2017-இல் வந்தபோது ஏழு நிமிட அவகாசமே இருந்தது. 2022 ஆகஸ்டில் அது இரண்டு நாள் பன்னிரண்டு மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இதில் ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. நாம் அழிப்பது நாம் அனுப்பிய பிரதியை மட்டுமே. அதற்குள் பெற்றவர் அதை வேறொருவருக்கு அனுப்பியிருந்தால், அந்தப் பிரதி அங்கே அப்படியே இருக்கும். அந்தச் சகோதரியோ அவர் கணவரோ எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் குடும்பக் குழுவில் இருந்த பதிவு அழிந்திருக்காது.

ஒரே ஒருமுறை மட்டும் கேட்கத்தக்க குரல் செய்தியை 2023 டிசம்பரில் கொண்டுவந்தனர். அதைச் சேமிக்கவோ மற்றவருக்கு அனுப்பவோ இயலாது. மிகவும் அந்தரங்கமான செய்திக்கு இது ஏற்றதே. எனினும் பக்கத்தில் இன்னொரு கைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்துகொள்வதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு. மனைவியை மிரட்ட நினைப்பவர் இதே முறையில் மிரட்டி அனுப்பினால், ஒருமுறை கேட்டபின் ஆதாரம் மறைந்துவிடும். அனுப்புகிறவருக்குக் கொடுக்கும் அதிகாரம் சில வேளைகளில் பெறுகிறவரின் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகவே அமைந்துவிடுகிறது. இதற்கு எளிய தீர்வு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பெறுகிறவரின் நிலையையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தியைப் படித்ததற்கான நீல நிற அடையாளத்தை நாம் விரும்பினால் மறைத்துக்கொள்ளலாம். குரல் செய்தியைக் கேட்டதற்கான நீல அடையாளத்தை அவ்வாறு மறைக்க வழி வைக்கவில்லை. 'கேட்டுவிட்டாய், ஏன் பதில் இல்லை?' என்ற சச்சரவுகள் எத்தனை வீடுகளில்! படங்களும் காணொளிகளும் தாமாக இறங்காதபடி நிறுத்தி வைக்கலாம். குரல் செய்திகள் மட்டும் எப்போதும் தாமாகவே இறங்கிவிடும். தமக்கு யார் குரல் செய்தி அனுப்பலாம் என்று வரையறுக்கும் வசதியை டெலிகிராம் செயலி 2022-இல் கொடுத்தது. ஆனால் கட்டணம் செலுத்துகிற சந்தாதாரர்களுக்கு மட்டும். தம் செவியைக் காத்துக்கொள்ளும் உரிமைக்கும் விலை வைத்துவிட்டார்கள்.

எட்டு நிமிடம், பத்து நிமிடம் பேசி அனுப்பும் அன்பர்களைப் பற்றியும் ஒரு சொல். எழுத்தை ஒரு பார்வையில் மேய்ந்துவிடலாம்; குரலை அப்படிச் செய்ய இயலாது. கேட்பவர் தம் நேரத்தில் பத்து நிமிடத்தை நமக்குக் கொடுத்தாக வேண்டும். 2021-லிருந்து ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்க வழியிருக்கிறது. நமது செயலாளரின் அறிவிப்புகளை இளைஞர்கள் இரு மடங்கு வேகத்தில்தான் கேட்கிறார்கள் என்று அறிகிறோம். அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சை எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதியை 2024 நவம்பரில் வாட்ஸ்அப் அறிவித்தது. மாற்றம் கைபேசிக்குள்ளேயே நடைபெறுவதால் பேசியது வேறெங்கும் செல்வதில்லை என்றும் கூறினர். தொடக்கத்தில் மிகச் சில மொழிகளுக்கே அது கிடைத்தது. இந்த வசதியை ஏன் குறிப்பிடுகிறோம் என்றால், நமது ஜமாஅத்தில் செவித்திறன் இழந்த சகோதரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நெருங்கிய நண்பரின் வஃபாத் அறிவிப்பையும் ஜனாஸா நேரத்தையும் நாங்கள் குரல் செய்தியாக மட்டும் குழுவில் வெளியிட்டோம். அவர் அஸருக்குப் பள்ளிவாசலுக்கு வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார். இழந்த தொழுகையை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது பகிர்தல் என்னும் பெரிய கேட்டுக்கு வருவோம். எழுத்தில் வரும் வதந்தியை ஐயத்தோடு படிக்கிறவர்கூட, நம் ஊர்ப் பேச்சில், பதறிய குரலில் ஒருவர் சொல்வதைக் கேட்டால் உடனே நம்பிவிடுகிறார். 2018-இல் குழந்தை கடத்துவோர் வந்துவிட்டனர் என்ற பொய்ச் செய்தி குரல் பதிவுகளாகவும் காணொளிகளாகவும் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவியது. அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள் என்பதற்காகக் கும்பல் தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். இவ்வாறு நாட்டின் பல பகுதிகளிலும் உயிர்கள் பறிபோன பின்னரே, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு கட்டியது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் விரிவாக்கப்பட்டது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பு 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில் வந்தது. செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுமாறு ஹுஜுராத் அத்தியாயம் இடும் கட்டளையை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டவர்கள் நாம். செயலி கட்டிய வரம்புக்கு முன்பே நமக்கு வரம்பு இருந்தது.

குரலை நம்பலாமா என்பதே இன்று கேள்வியாகிவிட்டது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'வால்-இ' என்னும் முறை, மூன்று வினாடிக் குரல் மாதிரியைக் கொண்டே அந்தக் குரலைப் போலப் பேசிக் காட்டியது. நாம் குழுவுக்குக் குழு தள்ளிவிடும் நான்கு நிமிடப் பதிவு, அப்படிப் பார்த்தால், எண்பது மாதிரிகளுக்குச் சமம். அவசரமாகப் பணம் வேண்டும் என்று மகனின் குரலிலேயே செய்தி வந்தாலும், அவருடைய பழைய எண்ணுக்கு அழைத்து நேரில் பேசாமல் பணம் அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற அரசு உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

சட்டம் நமக்குத் துணை நிற்காதா என்று கேட்கலாம். தனிமை என்பது அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில், புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-இல் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் தனிப்பட்ட முறையிலோ இல்லப் பயன்பாட்டுக்காகவோ ஒருவர் கையாளும் தரவுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தம்பி அனுப்பியதை ராத்தா குடும்பக் குழுவில் போட்டார் என்பதை விசாரிக்க அது வரப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள மறையாக்கம், வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கிறது. கேட்க வேண்டியவரே திறந்து வைத்தால் அதுவும் காக்காது. ஆக, ஒருவர் நம்மை நம்பிப் பேசிய குரல் நம் கையில் அமானிதமாகத்தான் இருக்கிறது. பிறர் ஒப்படைத்த நகையைப் பேணுவதில் நம் முன்னோர் காட்டிய நாணயத்தைப் பற்றி இந்த ஊரில் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். நகையை விற்றால் திருட்டு என்கிறோம். குரலைப் பகிர்ந்தால் 'சும்மா அனுப்பினேன்' என்கிறோம்.

இவற்றையெல்லாம் ஆலோசித்து நிர்வாகக் குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. வஃபாத், ஜனாஸா நேரம், நிக்காஹ், கூட்டம் ஆகிய எந்த அறிவிப்பானாலும் முதலில் எழுத்தில் வரும். விரும்பினால் அதன்பின் குரலிலும் வரும். குடும்பப் பிணக்குகளை விசாரிக்கும்போது, பேசியவர் அறியாமலும் சம்மதியாமலும் அவருடைய குரல் செய்தி எதுவும் இனி அலுவலகத்தில் ஒலிக்காது. சம்மதித்தாலும், இரு தரப்பும் ஏற்கும் இருவர் மட்டும், கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். அவ்வாறு காதோடு வைத்தால் ஒலி வெளியே ஒலிக்காமல் அழைப்பில் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்கும் என்பதையே எங்களில் சிலர் இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அறிந்தோம். பெண்ணின் குரலானால், கேட்கும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இதற்காகச் சகோதரிகள் மூவர் முன்வந்திருக்கின்றனர்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மிரட்டல், வரதட்சணைக் கொடுமை, ஆபாச வசை ஆகியவற்றைப் பேசி அனுப்பியவர், 'அது என் அந்தரங்கக் குரல்' என்று இந்த முடிவின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அத்தகைய செய்தியைப் பெற்றவர் அதை அழிக்க வேண்டாம். கைபேசியை மாற்றவும் வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாகத் தாக்கல் செய்யலாம். அவர் செல்ல வேண்டிய இடம் குடும்பக் குழு அன்று, காவல் நிலையம். உடன் வருவதற்கு ஜமாஅத்தின் வழக்கறிஞர் உறுப்பினர்கள் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது என்பதை மறைக்கவில்லை. ஆதாரத்தைக் கேட்காமல் எப்படி நியாயம் வழங்குவீர்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வினவினார். அவர் கேள்வியில் பொருள் உண்டு. கேசட் காலத்தில் எத்தனை கேசட்டுகள் நம் விசாரணைக்கு வந்தன என்று திருப்பிக் கேட்டோம். ஒன்றும் நினைவில்லை என்றார். விசாரணைகள் அப்போதும் நடந்தன. இரு தரப்பையும் அமரவைத்துப் பேசச் சொல்லித்தான் நடந்தன.

இறுதியாக ஒன்று. பொதுக்கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு சகோதரர் தம் துயரைச் சொன்னார். காலமான தம் உம்மா அனுப்பிய குரல் செய்திகள் பழைய கைபேசியில் இருந்தனவாம். புதிய கைபேசிக்கு மாறியபோது அவை வரவில்லை. நட்சத்திரக் குறியிட்டு வைத்திருந்ததால் பத்திரமாக இருக்கும் என்று எண்ணியிருக்கிறார். நட்சத்திரம் தேடுவதற்குத்தான் உதவும். கைபேசி போனால் அதுவும் போய்விடும். செய்திகள் ஏழு நாளில் தாமாக மறையும்படி அமைத்துவிட்டுப் பின்னர் வருந்துகிறவர்களும் உண்டு. காப்புப் பிரதியைக்கூடப் பிறர் திறக்க முடியாதபடி கடவுச்சொல்லிட்டுப் பூட்டும் வசதி 2021-இலிருந்து இருக்கிறது. நாமே போய் அதை இயக்கினால்தான் இயங்கும்.

ஆகவே இன்று மஃரிபுக்குப் பின் இஷா வரை, கீழ்த்தளத்து நூலக அறையில் இளைஞர்கள் நால்வரும், பெண்கள் பகுதியில் கல்லூரி மாணவியர் இருவரும் இருப்பார்கள். பேசியதைக் கேட்டுப் பார்த்து அனுப்புவது, ஒருமுறை மட்டும் கேட்கும்படி அனுப்புவது, தம்மை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்று வரையறுப்பது, பாதுகாக்க வேண்டிய குரல்களைத் தனியே சேமிப்பது ஆகியவற்றைச் செய்து காட்டுவார்கள். கைபேசியை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்ல வேண்டாம். பக்கத்திலேயே அமர்ந்து, உங்கள் கையாலேயே செய்துகொள்ளுங்கள். உங்கள் செய்திகள் எதையும் திறக்க மாட்டோம் என்று அவர்கள் எங்களிடம் உறுதி கூறியிருக்கின்றனர்.

பழைய கேசட்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றையும் கொண்டு வரலாம். ஓடுகிற டேப் ரிக்கார்டர் ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. காதில் மாட்டிக் கேட்கும் கருவியும் வாங்கி வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.